கணினிக்குச் சவுண்ட் கார்டு: பாட்டுக்கும் படத்துக்கும் எது போதும்?

மதுரை வில்லாபுரம் வெற்றி சினிமாஸில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, அதே படத்தின் பாட்டைக் கணினியில் போட்டால் சப்பென்று இருக்கும். “நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டாச் சரியாயிரும்” என்று யாராவது சொல்வார்கள். சில வீடுகளில் அது உண்மை. பல வீடுகளில் அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போயிருக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: தேர்வைக் கார்டிலிருந்து தொடங்காதீர்கள். ஒலி கடைசியாக எதிலிருந்து வெளியே வருகிறது, எந்த அறையில் வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கார்டு கடைசியில் தானாகத் தெரிந்துவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய அளவு

கணினியில் பாட்டு எண்களாக இருக்கிறது. ஸ்பீக்கருக்கு வேண்டியது மின் அலை. எண்ணை அலையாக மாற்றித் தருவதுதான் சவுண்ட் கார்டின் முக்கிய வேலை. மைக்கில் வரும் குரலை எண்ணாக மாற்றுவது அதன் இன்னொரு வேலை.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது, சாதாரணக் கணினியால் ‘பீப்’ மட்டுமே அடிக்க முடிந்தது. பாட்டுக் கேட்கத் தனிக் கார்டு கட்டாயம். 1990களின் கடைசியில் மதர்போர்டிலேயே ஒலிச் சில்லு வரத் தொடங்கியது. இன்று விற்கும் மதர்போர்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அது உண்டு. ரியல்டெக் சில்லுதான் அதிகம் கண்ணில் படும். ஆகவே உங்களிடம் ஏற்கெனவே ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறது. அது போதாது என்று உறுதியானால்தான் இன்னொன்று.

முதல் வேலை: குறை எங்கே என்று பிடியுங்கள்

காசு எடுப்பதற்கு முன் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

1. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு வேண்டாம். நல்ல தரத்தில் இருப்பதாக எடுங்கள்.
2. ஒரே ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ முதலில் செல்போனிலிருந்தும், பிறகு கணினியிலிருந்தும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி சப்பென்று இருந்தால் குறை ஸ்பீக்கரில். கார்டு மாற்றிப் பயனில்லை.
3. கணினியில் மட்டும் இரைச்சல் இருந்தால், பின்னை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பச்சைத் துளையில் மாட்டுங்கள். முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு மெல்லிய வயர் கேபினெட் நெடுக ஓடுகிறது. வழியில் இருக்கும் இரைச்சலை எல்லாம் அது வாரிக்கொள்ளும். பல வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.
4. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைக் கூட்டி, மவுஸை அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப ‘கிர்ர்’ என்று கேட்டால், கணினிக்குள்ளிருக்கும் இரைச்சல் ஒலியில் கலக்கிறது. வெளியில் வைக்கும் யூஎஸ்பி கார்டு இங்கே உதவக்கூடும்.
5. மாறாமல் ‘உம்ம்’ என்று ஒரே சீராகக் கேட்டால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. கார்டு வாங்காமல் கீழே ‘ஹம்மிங்’ பகுதிக்குப் போங்கள்.
6. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர் வழி.

உங்கள் வீட்டில் கடைசியில் இருப்பது எது?

*ஹெட்போன் மட்டும்.* சாதாரண ஹெட்போன்களும் இயர்போன்களும் பெரும்பாலும் 16 முதல் 32 ஓம் வரை இருக்கும். அவற்றுக்கு மதர்போர்டின் பின்பக்கத் துளையோ, சாதாரண யூஎஸ்பி கார்டோ போதும். ஸ்டுடியோ வகை ஹெட்போன்களில் 250, 300 ஓம் உண்டு. அவற்றில் ஒலி மெலிந்து கேட்கும். ஹெட்போன் ஆம்ப் உள்ள கார்டு வாங்குங்கள். ஹெட்போனின் ஓம் அளவு அதன் பெட்டியில் எழுதியிருக்கும்.

*2.1 ஸ்பீக்கர் செட்.* இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப் ஊஃபரும் இருந்தாலும் கணினியிலிருந்து போவது ஒரே ஸ்டீரியோ வயர்தான். பிரித்துக்கொள்வது செட்டின் வேலை. இதற்கு 5.1 கார்டு வாங்குவது வீண். மதர்போர்டில் இரைச்சல் இல்லையென்றால் எதுவும் வாங்க வேண்டாம்.

*லோக்கலாக அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்.* ஆம்பின் பின்புறம் ஆறு ஆர்சிஏ துளைகள் இருந்தால் ஆறு தனித்தனி ஒலிகளை அது வாங்கும். கணினியில் மூன்று ஸ்டீரியோ வெளியீடு வேண்டும். இரண்டே துளைகள் இருந்தால் அது ஸ்டீரியோவை வாங்கி ஆறாகப் பங்கு வைக்கிறது, உண்மையான 5.1 வராது.

*எச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர்.* சவுண்ட் கார்டே தேவையில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ துளை வழியாகவே பல சேனல் ஒலி போகும். கணினியை நேராக ரிசீவரில் மாட்டுங்கள். இடையில் டிவியை வைத்தால் சில டிவிகள் ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பும்.

*ஆப்டிகல் துளை மட்டும் உள்ள ஹோம் தியேட்டர் அல்லது சவுண்ட்பார்.* ஆப்டிகல் வெளியீடு உள்ள கார்டோ மதர்போர்டோ வேண்டும். இந்த வயரில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 போகும். ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டி போகாது.

*அரசு தந்த விலையில்லா மடிக்கணினி, பழைய லேப்டாப்.* 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. ஹெட்போன் துளை லூசாகி ஒரு காது மட்டும் கேட்பது இவற்றில் சாதாரணம். துளையை மாற்ற போர்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு மாட்டினால் வேலை முடிந்தது.

நீங்கள் கேட்பதில் எத்தனை சேனல் இருக்கிறது?

மதுரைக்காரரான டி.எம். சௌந்தரராஜனின் பழைய பாடல்கள் உங்கள் விருப்பமென்றால், அவை பெரும்பாலும் மோனோ பதிவுகள். எட்டு ஸ்பீக்கர் வைத்தாலும் ஒரே ஒலிதான் எட்டு இடத்திலிருந்து வரும். தமிழில் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த முன்னோடிப் படம் ‘ப்ரியா’, 1978. இளையராஜா, ரஹ்மான் காலத்துப் பாடல்களைக் கேட்க நல்ல ஸ்டீரியோ ஜோடி ஒன்று போதும்.

படம் வேறு கதை. 1990களின் நடுவில் டால்பியும் டிடிஎஸ்ஸும் தமிழ்ப் படங்களுக்கு வந்தன. அதற்குப் பிந்தைய படங்களில் சுற்று ஒலிக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் கையில் இருக்கும் கோப்பிலும் அது இருக்க வேண்டும். கணினியில் யூடியூப் பெரும்பாலும் ஸ்டீரியோதான். ஓடிடி தளங்கள் சில, பிரவுசரில் பார்த்தால் ஸ்டீரியோ மட்டும் தரும், செயலியில் 5.1 தரும்.

குறிப்பு: விஎல்சி பிளேயரில் படத்தை ஓடவிட்டு, ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ பாருங்கள். ஆடியோவுக்கு எதிரே ‘ஸ்டீரியோ’ என்று இருந்தால் அந்தக் கோப்பில் சுற்று ஒலி இல்லை. நீங்கள் பார்க்கும் பத்துப் படங்களில் எட்டு இப்படி இருந்தால் 5.1 கார்டை மறந்துவிடுங்கள்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

*எஸ்என்ஆர், டெசிபலில்.* பாட்டுக்கும் கார்டின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. கூடுதலாக இருந்தால் நல்லது; ஆனால் எதுவரை? சீலிங் ஃபேன் ஓடும் அறையில் ஃபேனின் சத்தமே 45 டெசிபல் வாக்கில் இருக்கும். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு யாரும் பாட்டுக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் 95 டெசிபல் வரை அலறவிட்டாலும் மிஞ்சுவது 50 டெசிபல் இடைவெளி. சிடி தருவதே சுமார் 96. ஆகவே ஸ்பீக்கரில் கேட்பவருக்கு 100 டெசிபல் என்று போட்ட கார்டுக்கும் 120 என்று போட்ட கார்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காதுக்குள் செருகும் இயர்போன் வெளிச்சத்தத்தை அடைத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் சற்று உயர்ந்த எண் பயன்படும்.

*பிட், கிலோஹெர்ட்ஸ்.* சிடியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். படங்களில் 48 கிலோஹெர்ட்ஸ். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் உள்ள கார்டு கேட்பதற்குத் தாராளம். 384 என்று கொட்டை எழுத்தில் இருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

*அவுட்புட் இம்பீடன்ஸ்.* கார்டின் ஹெட்போன் வெளியீட்டில் உள்ள ஓம் அளவு. இது ஹெட்போன் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். இந்த எண்ணைப் பெட்டியில் போடாத கார்டுகளே அதிகம், போட்டிருந்தால் பாருங்கள்.

*7.1.* ஒரே ஒரு ஹெட்போன் துளை உள்ள சின்ன யூஎஸ்பி துண்டில் ‘7.1 சேனல்’ என்று எழுதியிருந்தால், அது ஸ்டீரியோவில் காட்டும் வித்தை. துளைகளை எண்ணுங்கள்: பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று இருந்தால்தான் 5.1.

உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா?

உள்ளே மாட்டும் கார்டுக்கு மதர்போர்டில் காலியாக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வேண்டும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்துச் சின்ன ஸ்லாட்டை மூடியிருக்கும். கேபினெட்டைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பிசிஐ கார்டுகள் புது மதர்போர்டில் ஏறவே ஏறாது. பழைய மதர்போர்டில் ஏறினாலும் இன்றைய விண்டோஸுக்கு டிரைவர் கிடைப்பது கஷ்டம்.

யூஎஸ்பி கார்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கேபினெட்டின் உள் இரைச்சலிலிருந்து விலகி நிற்கும், லேப்டாப்பிலும் வேலை செய்யும், கணினி மாறினாலும் கூடவே வரும். ஸ்டீரியோ மட்டும் கேட்பவருக்கு யூஎஸ்பியே சரி. உயர்தர யூஎஸ்பி ஒலிக்கு 2017இல் வந்த விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து தனி டிரைவர் இல்லாமலே ஆதரவு உண்டு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர், டிரைவர் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையில்

டவுன் ஹால் ரோடு பக்கம் போய் வெறுமனே “சவுண்ட் கார்டு” என்று கேட்டால் மலிவான யூஎஸ்பி துண்டு கைக்கு வந்துவிடலாம். எத்தனை துளை, எந்த ஸ்லாட், எந்த விண்டோஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள்: “அண்ணே, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, 5.1, மூணு அவுட்டு வேணும். விண்டோஸ் பதினொண்ணுக்கு டிரைவர் இருக்கா?”

1. பில் வாங்குங்கள், அதில் மாடல் பெயர் எழுதச் சொல்லுங்கள்.
2. வாரன்டி யாரிடம், எத்தனை மாதம் என்று கேளுங்கள்.
3. யூஎஸ்பி கார்டு என்றால் சொந்த ஹெட்போனைக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிக் கேளுங்கள். இரண்டு காதும் கேட்கிறதா, பின்னை அசைத்தால் கரகரப்பு வருகிறதா?
4. ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உள்ளே மாட்டும் முறை

1. கணினியை ஷட்டவுன் செய்து, பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.
2. முன்பக்கப் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும்.
3. கேபினெட்டின் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும்.
4. உள்ளே தூசி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம்.
5. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து முடிந்தவரை தள்ளி உள்ள ஸ்லாட்டைத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள்.
6. கார்டை ஓரங்களில் பிடியுங்கள். தங்க நிறப் பட்டைகளைத் தொடாதீர்கள். நேராக வைத்துச் சீராக அழுத்துங்கள். ஏறவில்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் எடுத்துப் பாருங்கள். ஸ்லாட் தவறாக இருக்கும்.
7. ஸ்க்ரூ போட்டு, மூடி, பவர் கொடுங்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை எடுங்கள்.

5.1 ஆம்புக்கு வயர் கொடுக்கும் வரிசை

1. ஆம்பை ஆஃப் செய்து, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.
2. ஒருபக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ பின் உள்ள கேபிள் மூன்று வாங்குங்கள். மஞ்சள் பின்னும் சேர்ந்து மூன்றாக வரும் ஏவி கேபிள் இதற்கு ஒத்துவராது.
3. பச்சைத் துளை முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப் ஊஃபருக்கும்.
4. மூன்றே துளை உள்ள மதர்போர்டில் பச்சை முன்னுக்கு, நீலம் பின்னுக்கு, ரோஸ் சென்டர், சப்புக்கு. ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் நீலமும் ரோஸும் வெளியீடாக மாறும். பல மதர்போர்டுகளில் இந்த வசதி உண்டு; கையேட்டில் உறுதி செய்துவிட்டால் கார்டுக் காசு மிச்சம்.

விண்டோஸில் சரிசெய்வது

1. ஸ்பீக்கர் சின்னத்தில் வலது கிளிக் செய்து ‘சவுண்ட் செட்டிங்ஸ்’ போங்கள். அங்கிருந்து ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’.
2. ‘ப்ளேபேக்’ பட்டியலில் புதுக் கார்டைத் தேர்ந்தெடுத்து ‘டிஃபால்ட்’ ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் ஒலி பழைய சில்லு வழியாகவே போய்க்கொண்டிருக்கும்.
3. ‘கான்ஃபிகர்’ அழுத்தி, உங்களிடம் உள்ளபடி ஸ்டீரியோ அல்லது 5.1 வையுங்கள். ‘டெஸ்ட்’ அழுத்தி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சரிபாருங்கள். படத்தில் வசனம் சப் ஊஃபரிலிருந்து குழறலாக வந்தால், ஆரஞ்சு கேபிளின் இரண்டு ஆர்சிஏ பின்களையும் இடம் மாற்றுங்கள்.
4. ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் வையுங்கள். பாட்டுக்கும் படத்துக்கும் பொதுவாகச் சரிப்படும்.
5. ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பாஸ் பூஸ்ட், விர்ச்சுவல் சரவுண்ட் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக.

‘உம்ம்’ ஹம்மிங்: கார்டால் தீராத நோய்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கேட்கும் தாழ்ந்த ‘உம்ம்’ அந்த 50 ஹெர்ட்ஸோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸோ ஆக இருக்கும். கணினி ஒரு பிளக்கில், ஆம்ப் இன்னொரு பிளக்கில், டிவிக்குக் கேபிள்காரரின் வயர் என்று பல வழிகளில் எர்த் சேரும்போது இது வரும்.

1. டிவியில் மாட்டியிருக்கும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது.
2. கணினி, ஆம்ப், டிவி மூன்றையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள்.
3. அப்படியும் நிற்காவிட்டால், ஆடியோ வயர் நடுவே ‘கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்’ என்ற சின்னப் பெட்டியை மாட்டுங்கள். முழுக் கார்டைவிட மலிவு.

பாதுகாப்பு: இதை மட்டும் தாண்டாதீர்கள்

- ஹம்மிங் போவதற்காக பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்காதீர்கள். சத்தம் நிற்கும், ஆம்பில் கரண்ட் லீக் ஆனால் அது போக வழியிருக்காது, தொடுபவர் மேல்தான் பாயும்.
- கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள வடிகட்டி, எர்த் இல்லாதபோது கேபினெட்டில் மெல்லிய கரண்டை ஏற்றும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்க்கும்வரை ஆம்போடு வயர் இணைக்காதீர்கள்.
- சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் இடி இடித்தால் பிளக்கையும் கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் டிவி வயர் வழியாக நுழைந்து எச்டிஎம்ஐ வழியாகக் கணினிக்கும் வந்துவிடும்.
- ஆம்பைத் திறந்து கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.
- ஹெட்போனைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னை மாட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் ஹெட்போன் பாட்டு கேட்டால் வால்யூம் அதிகம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- மலிவு ஸ்பீக்கருக்கு விலை கூடிய கார்டு. முறை தலைகீழ்: பட்ஜெட்டில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போகட்டும்.
- நல்ல யூஎஸ்பி கார்டை வாங்கிவிட்டு புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பது. புளூடூத்தில் ஒலி கார்டு வழியாகப் போவதே இல்லை. படத்தில் வாயசைவைவிட வசனம் பிந்தலாம்.
- மொசைக் தரை, வெறும் சுவர், மூலையில் சப் ஊஃபர். அறை முழுக்க எதிரொலிக்கும். ஒரு கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், சப்பை மூலையிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுப்பது: இவற்றைக் கார்டுக்கு முன் செய்துபாருங்கள்.
- பாடிப் பதிவு செய்ய விரும்புகிறவர் கேட்பதற்கான கார்டை வாங்குவது. மைக் பதிவுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற வேறு சாமான் இருக்கிறது.

கடைக்கு எடுத்துப்போகும் சீட்டு

இந்த ஆறு கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

1. ஒலி எதிலிருந்து வெளியே வருகிறது? ஹெட்போனா (எத்தனை ஓம்), 2.1 செட்டா, 5.1 ஆம்பா, ரிசீவரா?
2. அதன் பின்புறம் எத்தனை துளை, எந்த வகை?
3. கேட்பதில் பெரும்பங்கு பாட்டா, படமா? படங்களில் 5.1 இருக்கிறதா?
4. செல்போனோடு ஒப்பிட்டதில் கணினியில் மட்டும் இருக்கும் குறை என்ன?
5. டெஸ்க்டாப்பில் காலி ஸ்லாட் உண்டா? விண்டோஸ் எந்தப் பதிப்பு?
6. எர்த் சரியாக இருக்கிறதா?

நாலாவது கேள்விக்கு எழுத எதுவும் இல்லை, மதர்போர்டின் துளைகளே ஆம்புக்குப் போதும் என்றால் கார்டு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஸ்பீக்கர் பாருங்கள். ஸ்டீரியோவில் இரைச்சல் என்று எழுதியிருந்தால் யூஎஸ்பி கார்டு. ஆறு துளை ஆம்ப் இருந்து, மதர்போர்டில் மூன்று வெளியீடு வராவிட்டால் மட்டும் 5.1 கார்டு. ஆறாவதற்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் கடைக்கு முன் எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போங்கள்.